மதிப்பீட்டில் எழுதப்படாத மனை

புதுவீடு கட்டத் துணியும் குடும்பத்தில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் முன்னால் வந்து சேருவது ஒரு தாள். பிள்ளைகளின் பழைய கணக்கு நோட்டிலிருந்து கிழித்ததாகவோ, மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டின் பின்புறமாகவோ, பொறியாளர் அச்சிட்டுத் தந்த படிவமாகவோ அது இருக்கும். அஸ்திவாரம், சுவர், கூரை, கதவு நிலை, தரை ஓடு, மின்சாரம், சாயம் என்று வரிவரியாக இறங்கும் அந்தத் தாளின் முதல் வரி பெரும்பாலும் ‘மனை’ என்பதாகும். விலைக்கு வாங்கிய மனையென்றால் அதற்கெதிரே ஒரு பெருந்தொகை நிற்கும். வாப்பா விட்டுச் சென்ற மனையென்றால் ‘சொந்தம்’ என்றெழுதி ஒரு கோடு இழுத்துவிடுவோம். இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது அந்தக் கோட்டைப் பற்றித்தான். அது நேர்மையான கோடுதானா?

முதலில் விலைக்கு வாங்கும் மனையைப் பார்ப்போம். அதில் நாம் காட்டும் விழிப்பு வியக்கத்தக்கது. தாய்ப்பத்திரம் கேட்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, புல எண் பத்திரத்தோடு பொருந்துகிறதா, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்றெல்லாம் துருவுகிறோம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று 2016ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்த பிறகு, இந்தக் கடைசிக் கேள்வியை மறப்பவர் எவருமில்லை. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2ஆகக் குறைந்தபின், முத்திரைத் தீர்வை 7 விழுக்காட்டோடு சேர்த்துக் கிரயத்திற்கு 9 விழுக்காடு செலவாகும் என்பதும் நமக்கு மனப்பாடம். (அந்த 9 விழுக்காட்டை மிச்சம் பிடிப்பதற்காகக் கொடுத்த விலையை மறைத்துக் குறைந்த தொகையைப் பத்திரத்தில் எழுதுவது ஊரறிந்த வழக்கம். அளவையில் குறைப்போரைக் கண்டிக்கும் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதிவிட்டு, அன்று பிற்பகலே பதிவாளர் முன் குறைந்த தொகைக்குக் கையொப்பமிடுவோரும் நம்மில் உண்டு. அது தனியே எழுத வேண்டிய செய்தி.)

இவற்றோடு, அனுபவமுள்ள வழக்கறிஞர் நம்மிடம் இன்னொன்றும் சொல்வார். விற்பவருடைய தகப்பனார் காலமாகிவிட்டாரா? அப்படியானால் வாரிசுச் சான்று வேண்டும். பெண்மக்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான நடவடிக்கைகள் மட்டுமே தெரியும். ஒருவர் இறந்த கணமே அவர் பிள்ளைகளுக்கு உண்டாகிவிடும் உரிமை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே, எங்கோ திருமணமாகிப் போன ஒரு சகோதரி பத்தாண்டு கழித்து வந்து கதவைத் தட்டலாம். இதைக் கேட்டவுடன் நாம் அஞ்சுகிறோம். விற்பவரைப் பார்த்து, ‘உங்கள் தங்கைமார் கையெழுத்து இல்லாமல் முன்பணம் தரமாட்டோம்’ என்று உறுதியாக நிற்கிறோம்.

நிற்பது சரி. அயலார் வீட்டுச் சகோதரியின் பங்கு நம் பணத்தை விழுங்கிவிடக் கூடாதே என்பதில் இத்தனை கவனமாயிருக்கும் நாம், நம் வீட்டுச் சகோதரியின் பங்கின்மீது அஸ்திவாரம் தோண்டும்போது மட்டும் எந்த வழக்கறிஞரையும் கலந்துகொள்வதில்லை. முன்னதில் நம்மை விழிக்க வைத்தது நீதியன்று, நட்டத்தைப் பற்றிய அச்சம். பின்னதில் அச்சத்திற்கு இடமில்லை. ஏனெனில் நம் சகோதரி வழக்குத் தொடர மாட்டாள் என்பது நமக்குத் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் செய்தி தெளிவாகும். ஒருவர் ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையை விட்டு மறைந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர்; மனைவியும் இரு ஆண்மக்களும் இரு பெண்மக்களும் இருக்கின்றனர். கடனும் வசிய்யத்தும் தீர்ந்த பிறகு, மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. மனையை 48 கூறுகளாக்கினால் ஒரு கூறு 50 சதுர அடியாகும். தாய்க்கு 6 கூறு, 300 சதுர அடி. ஆண்மக்களுக்குத் தலைக்கு 14 கூறு, 700 சதுர அடி. பெண்மக்களுக்குத் தலைக்கு 7 கூறு, 350 சதுர அடி. ஆணுக்குப் பெண்ணின் பங்கு பாதி என்பதை ஆயிரம் மேடைகளில் விளக்கிவிட்டோம். அந்தப் பாதியை உரியவள் கையில் கொடுத்ததைத்தான் அதிகமாகக் காணோம்.

இப்போது மூத்த மகன் அந்த மனை முழுவதையும் தன் வீட்டிற்குரியதாகக் கொண்டு 1500 சதுர அடியில் வீடு கட்டுகிறார். சதுர அடிக்கு 2500 ரூபாய் என்று கொண்டால் கட்டுமானச் செலவு 37,50,000 ரூபாய். சதுர அடிக்கு அரைக்கும் சற்றுக் குறைந்த மூட்டையாக 600 மூட்டை சிமெண்ட், நாலு கிலோவாக 6 டன் கம்பி என்று கட்டுவோர் தம் வாய்ப்பாட்டின்படி சொல்லிவிடுவார்கள். மனை விலை சதுர அடிக்கு 2000 ரூபாய் என்றால், அவருக்குரியது போக மற்ற நால்வருக்கும் சேரவேண்டிய 1700 சதுர அடியின் மதிப்பு 34,00,000 ரூபாய். கட்டுமானச் செலவுக்கு ஏறத்தாழ ஈடான ஒரு தொகை, மதிப்பீட்டுத் தாளில் ஒரு கோடாக மறைந்துவிட்டது!

மதிப்பீட்டில் விடுபடுவன வேறு பலவும் உண்டு. சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, வரைபட ஒப்புதல் கட்டணம், மின் இணைப்பு வைப்புத்தொகை ஆகியவற்றை ஆரம்பத்தில் எவரும் எழுதுவதில்லை. கடைசியில் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். ஆனால் அவற்றை நினைவூட்ட ஆளுண்டு. மேஸ்திரி கேட்பார், மின்வாரியம் கேட்கும், நகராட்சி கேட்கும். நினைவூட்ட ஆளில்லாத செலவு ஒன்றே ஒன்றுதான். கேட்க உரிமையுள்ளவள், பால் காய்ச்சும் நாளன்று தாம்பாளத்தில் சீர் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து நிற்கிறாள்.

இதற்குச் சட்டத்தின் மேல் பழி போட இடமில்லை. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது; சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அவ்விலக்கை நீக்கிவிட்டது. ஆக, வீட்டு மனையாயினும் நஞ்சையாயினும் தோப்பாயினும் நம் பெண்மக்களின் பங்கிற்குச் சட்டத் தடை ஏதுமில்லாமல் முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயம் தெளிவாக வகுத்த விதி. சட்டமும் மார்க்கமும் ஒரே பக்கம் நிற்கின்றன. எதிர்ப்பக்கம் நிற்பது எது?

விடுதலைப் பத்திரம் நிற்கிறது. அதை எழுதும் முறையை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டிற்குப் பிறகு பெரியவர் ஒருவர் பேச்சை எடுப்பார். ‘காக்கா வீடு கட்டப்போகிறார், பத்திரம் அவர் பெயரில் இருந்தால்தான் வங்கியில் நகரும், ஒரு கையெழுத்துத்தான்’ என்பார். சகோதரி தன் கணவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் சுவரைப் பார்ப்பார். ‘எனக்கு என்ன மாமா வேண்டும்? காக்கா நன்றாயிருந்தால் போதாதா?’ என்று அவள் சொல்வாள். அடுத்த வாரம் பதிவு அலுவலகத்தில் மரப்பலகையில் அமர்ந்து விரல் ரேகை வைப்பாள். குடும்பத்தாரிடையே எழுதப்படுவதால் முத்திரைத் தீர்வையும் கிரயத்தைவிட மிகக் குறைவு. பத்திரத்தில், ‘என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்’ என்ற சொற்றொடர் இருக்கும். அவள் சொல்லி எழுதியதன்று; எழுத்தர் எல்லாப் பத்திரங்களிலும் எழுதுவது.

அது மனப்பூர்வமான சம்மதம்தானா என்பதே நம் கேள்வி. சிலவேளை உண்மையாகவே அப்படி இருக்கலாம். செல்வந்தரை மணந்த தங்கை, கடனில் தத்தளிக்கும் தமையனுக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பதை நாம் குறைகூறுவோமா? அது உறவின் அழகு. ஆனால் எல்லாருக்கும் முன்னிலையில், மறுத்தால் பேராசைக்காரி என்ற பெயரும் பிறந்த வீட்டின் வாசற்படியை இழக்கும் அச்சமும் காத்திருக்க, ஒரு கையெழுத்தைத் தருவதும் அதே விட்டுக்கொடுத்தல்தானா? இமாம் கஸ்ஸாலி அவர்கள் யாசகத்தைப் பற்றி எழுதுமிடத்தில் இந்த நுட்பத்தைத் தொட்டிருக்கிறார்கள். பலர் முன்னிலையில் ஒருவரை நாணத்திற்கு ஆளாக்கிப் பெறும் பொருளை அவர்கள் ஆகுமானதாகக் கொள்ளவில்லை. உடலின் மேல் சாட்டையால் அடித்துப் பறிப்பதற்கும், உள்ளத்தின் மேல் நாணத்தால் அடித்துப் பறிப்பதற்கும் வேறுபாடில்லை என்பது அவர்கள் கருத்து. பதிவாளர் இந்த இரண்டாவது அடியின் தழும்பைக் காணமாட்டார். காண்பது அவர் வேலையுமன்று. கையெழுத்து வாங்கியவர் அதை அறிவார்.

சகோதரர் பக்கத்தில் சொல்லப்படும் நியாயங்களையும் தள்ளிவிடலாகாது. ‘அவள் திருமணத்திற்கு வாப்பா நகையும் சீரும் செய்தாயிற்று; இனியும் பங்கா?’ என்பது ஒன்று. சீர் என்பது தந்தை உயிரோடிருக்கையில் கொடுத்த அன்பளிப்பு. வாரிசுரிமையோ அவர் இறந்தபின் பிறப்பது. முன்னதைப் பின்னதற்கு முன்பணமாக வரவு வைக்க வேண்டுமாயின், அன்றே அது பேசப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் உயிரோடிருக்கையில் அவரிடமிருந்து வரக்கூடிய பங்கை விட்டுக்கொடுப்பது தன்னளவில் செல்லாது. ஆனால் அதற்கென ஒரு பிரதிபலனை அறிந்தே பெற்றுக்கொண்டவர் பின்னர் மாறிப் பேசலாகாது என்று உச்சநீதிமன்றம் 1972லும் பின்னர் 2011லும் தீர்ப்பளித்திருக்கிறது. அங்கும் ‘அறிந்தே பெறுதல்’ என்பதுதான் ஆணிவேர். மணப்பந்தலில் கழுத்து நிறைய நகை பூட்டப்பட்ட பதினெட்டு வயதுப் பெண்ணிடம், ‘இது உன் மனைக்குப் பதில்’ என்று யார் சொன்னார்கள்?

‘வாப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நான் செய்தேன், அவர் கடனை நான் அடைத்தேன்’ என்பது இன்னொன்று. இது வலுவுள்ள நியாயம். இறந்தவரின் கடனே பங்கீட்டுக்கு முந்தியது; அதை ஒரு மகன் தன் கைப்பணத்தால் அடைத்து, திரும்பப் பெறும் எண்ணத்தோடு கணக்கும் வைத்திருந்தால், எல்லோர் பங்கிலும் அதைக் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கழிக்க வேண்டுமானால் கணக்கை விரிக்க வேண்டும். சென்றது இவ்வளவு, சகோதரி தலையில் விழுவது இவ்வளவு, மீதம் இவ்வளவு என்று எண்களாகச் சொல்ல வேண்டும். ‘எவ்வளவோ செய்தேன்’ என்று பெருமூச்சாகச் சொல்லி 350 சதுர அடியை எடுத்துக்கொள்வது கணக்கன்று.

இந்த வழக்கில் எவரும் பேசாத ஒருவர் இருக்கிறார். தாய். அவருடைய எட்டில் ஒன்றைப் பங்கென்றே எவரும் எண்ணுவதில்லை. ‘உம்மா நம்மோடுதானே இருக்கிறார்கள்’ என்பார்கள். அவருக்குச் சேரவேண்டிய மஹர் தீர்க்கப்படாமல் இருந்தால் அதுவும் இறந்தவரின் கடன். மனையைப் பங்கிடுமுன் தீர்க்கப்பட வேண்டியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிக்காஹ் பதிவேட்டில் எழுதிய அந்தத் தொகையை வீடு கட்டப் புகும்போது எடுத்துப் பார்த்த குடும்பம் எத்தனை? 300 சதுர அடிக்கு உடைமைக்காரரான அந்த அம்மையார், புதுவீட்டில் சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் சிறுத்த ஓர் அறையில் படுத்திருப்பார். யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பத்திரப்படி கேட்டால் பதில் நம்மைத் திடுக்கிட வைக்கும்.

நம் கடற்கரை ஊர்கள் சிலவற்றின் வழக்கம் வேறு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும், கடல் கடந்தால் இலங்கையின் காத்தான்குடியிலும், வீடு பெண்மக்களுக்கே செல்கிறது. மணமகன் மனைவி வீட்டிற்குப் போகிறார். அங்கெல்லாம் பெண் வாசற்படியை இழப்பதில்லை. அந்த ஊர்களைப் பார்த்து உள்நாட்டார் கற்கவேண்டியது நிறைய உண்டு. ஆயினும் நம் கேள்வி அங்கே உடை மாற்றிக்கொண்டு வருகிறது. பத்தொன்பது வயதில் கப்பலேறியோ விமானமேறியோ போன ஒரு பிள்ளை, ஒரு சகோதரிக்கு வீடு, அடுத்தவளுக்கு வீடு என்று பதினைந்து ஆண்டு உழைக்கிறான். அவனிடமும் எவரும், ‘உனக்குச் சம்மதமா?’ என்று தனியே கேட்பதில்லை. மறுத்தால் அவனுக்கும் பெயர் கெட்டுவிடும். தம் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து அதற்குச் சாட்சி நிற்க வேண்டிய தோழரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தீரா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவி, இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்த செய்தி நாம் அறிந்ததே. வழக்கம் எப்பக்கம் சாய்ந்தாலும், நாணத்தால் வாய் அடைபட்டவர் ஆணாயினும் பெண்ணாயினும், கேள்வி ஒன்றுதான்.

அப்படியானால் பரம்பரை மனையில் வீடே கட்டலாகாதா? கட்டலாம். மார்க்கச் சட்டத்திலேயே தகாருஜ் என்றொரு வழி உண்டு. வாரிசுகளில் ஒருவர் ஒத்துக்கொண்ட தொகையைப் பெற்றுக்கொண்டு பங்கிலிருந்து விலகுவதற்கு அப்பெயர். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் மனைவியருள் ஒருவர் தம் பங்கிற்குப் பதிலாக ஒரு தொகையை ஏற்று விலகியதை அறிஞர்கள் இதற்கு முன்மாதிரியாகக் காட்டுவர். கொடுக்கப் பணம் இல்லையென்றால் தவணை பேசலாம். கடனையும் தவணையையும் எழுதி வைக்கச் சொல்லும் வசனந்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. நாம் மளிகைக் கடைப் பற்றைக்கூட எழுதி வைக்கிறோம்; சகோதரிக்குத் தரவேண்டியதை மட்டும் எழுதக் கூசுகிறோம்.

அல்லது வீட்டைச் சிறிதாக்கலாம். முன்சொன்ன கணக்கில் ஒரு சகோதரியின் பங்கு 7,00,000 ரூபாய். சதுர அடிக்கு 2500 வீதம் அது 280 சதுர அடிக் கட்டடத்தின் செலவு. அதாவது 14 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள ஒரு கூடம். புதுவீடுகளில் விருந்தினருக்கென்று ஒதுக்கி, பெருநாளுக்கும் பெண் பார்க்க வருவோருக்கும் மட்டும் திறந்து, மற்ற நாளெல்லாம் நாற்காலிகளுக்கு உறை போட்டு வைக்கும் கூடம் அந்த அளவில்தான் இருக்கிறது. சிக்கனமாகக் கட்ட வழியா இல்லை? கேரளத்தில் வாழ்ந்து 2007ஆம் ஆண்டில் மறைந்த லாரி பேக்கர், எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் செங்கல்லைச் செங்குத்தாக வைத்து நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பி, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்திக் காட்டினார். அச்சுவர் வெயிலையும் தடுக்கும். பூச்சில்லாத செங்கல் சுவர் நம்மவர் கண்ணுக்கு முடியாத வீடாகத் தோன்றுகிறது என்பதுதான் தடை. சகோதரிக்குத் தீராத பங்கின்மேல் நிற்கும் பளிங்குத் தரை மட்டும் எப்படி முடிந்த வீடாகத் தோன்றுகிறதோ தெரியவில்லை.

விட்டுக்கொடுக்க விரும்பும் சகோதரியிடம் கையெழுத்து வாங்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வாங்கும் முறையைத்தான் சொல்கிறோம். சபையில் கேட்க வேண்டாம். பெரியவரை விட்டும் கேட்க வேண்டாம். அவள் பங்கு இத்தனை சதுர அடி, அக்கம்பக்கத்தில் மனை விற்கும் விலையில் இத்தனை ரூபாய் என்று ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுத்துவிடலாம். வழிகாட்டி மதிப்பை எழுத வேண்டாம். பல இடங்களில் அது சந்தை விலைக்கு நெடுந்தூரம் கீழே. அவள் கணவரும், வளர்ந்திருந்தால் பிள்ளைகளும் அந்தத் தாளைப் பார்க்கட்டும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ போகட்டும். அதற்கிடையில் பேச்சை எடுக்காமலிருப்பது கடினம்தான், ஆனாலும் எடுக்காமலிருக்கலாம். தொகையைக் கொடுக்கும் வசதியும் விருப்பமும் நமக்குண்டு என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; கொடுக்க எண்ணமே இல்லாதவர், ‘வேண்டுமா?’ என்று கேட்பது கேள்வியாகாது. அதன்பின் அவள் வேண்டும் என்றால் மதிப்பீட்டுத் தாளின் முதல் வரியில் கோட்டை அழித்துத் தொகையை எழுதி, அதற்கேற்ப மாடியையோ கூடத்தையோ குறைத்துப் பொறியாளரிடம் புது வரைபடம் கேட்கலாம். வேண்டாம் என்றால், பத்திர எழுத்தரிடம் போகும் நாள் அன்றைக்கு வரட்டும்.